பதினொரு மாதம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால்
வண்டியை அணைத்துவிட்டு
பக்கத்து ஆளிடம் கடன் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.
என் ஜெராக்ஸ் கடை அதில்தான் ஓடுகிறது.
பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம்.
ஊரார் வீடுகள் எல்லாம்
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
வெளிச்சம் வாங்கி எழுந்து போயிருக்கின்றன.

என் வீடு படுத்தது போன ஐப்பசியில்.

அண்ணனுக்குப் பாதிப் பங்கு.
ஓசூரில் இருக்கிறான். சண்டையெல்லாம் இல்லை.
ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து
"ஏழு லட்சம் குடுத்துடு தில்லை, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றான்.

வங்கியில் மாத வருமானம் கேட்டார்கள்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றேன்.
மேலாளர் சிரிக்கவில்லை.
"வேற? வாடகை கீடகை?"

அன்று மாலையே சுடர்விழியின் அறை காலியானது.
பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள்
ஃபிரிட்ஜ் மேல் ஏறின.
சுவரில் ஒட்டியிருந்த தனிம அட்டவணை
இழுத்தால் கிழியும் போலிருந்தது.
அதை மட்டும் விட்டுவிட்டு வந்தாள்.

மார்கழியில் வந்தவர் சவரிநாதன்,
வேதாரண்யம் பக்கம்.
நெல் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
"பருவகால" என்பதைக் கொஞ்சம் விழுங்கிச் சொன்னார்.
மூவாயிரத்து ஐந்நூறு, கரண்ட் தனி.

ஒப்பந்தத்தை நானே அடித்தேன், பதினொரு மாதம்.
"பங்குனியில மூடிடுவாங்க அக்கா.
நாலு மாசம்தான் இருப்பேன்."
வங்கிக்குப் பதினொன்று வேணும் என்றேன்.
மூடி திறந்த பேனாவோடு நின்றார்.
பகலெல்லாம் ஈரம் பதினேழைத் தாண்டியதென்று
அறுத்தவர்களின் நெல்லைத் திருப்பி அனுப்புகிற கை.
போட்டுவிட்டார்.

இரவில் அவர் சட்டையிலிருந்து உதிரும் சுணை
கொடியில் என் புடவைக்கும் வந்தது.
கழுத்து அரிக்க அரிக்கக் கடை நடத்தினேன்.
அறைச் சுவரின் ஓதத்தை விரலால் தொட்டுப் பார்த்து
"இது என் களத்துக்கு வந்தா எடுக்க மாட்டேன்" என்பார்.

வங்கி மதிப்பீட்டாளர் வந்த நாளில்
தை மாதம் பெய்யக்கூடாத மழை.
சவரிநாதன் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் இழுக்கப் போயிருந்தார்.
கொடியில் ஒரு கைலி, ஆணியில் ஜெபமாலை,
எதிர்ச் சுவரில் தனிம அட்டவணை.
"யாரு படிக்கிறா இங்க?"
சுடர்விழி என்னைப் பார்த்தாள்.
"குடியிருக்கறவர்தான்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

ஐந்தே கால் லட்சம் வந்தது, அதுவும் இரண்டு பகுதியாக.
இரண்டாவது, வாடகை தவறாமல் வருகிறதா என்று பார்த்த பிறகு.
குறைந்ததற்கு அண்ணனோடு தனியாக ஒரு பத்திரம்.
அதற்கும் நகல் எடுத்தேன்,
காசு வாங்காமல்.

பங்குனி இருபதில் நிலையத்தைப் பூட்டினார்கள்.
சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார்.
முன்பணத்தை எண்ணாமலே பையில் போட்டார்.
"கேட்டா ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லுங்க அக்கா.
பொய் இல்லையே அது."

சித்திரையில்
கல்லாவிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு எடுத்துக்கொண்டு
கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
வங்கி அந்தப் பக்கம்.
நடுவில் நாற்பத்திரண்டு பெட்டி,
சவரிநாதன் எழுதி அனுப்பிய நெல்லாகவும் இருக்கலாம்.
செலுத்துபவர் என்ற இடத்தில்
என் பெயரைப் பாதி எழுதிவிட்டு
அந்தச் சீட்டைக் கசக்கினேன்.
வேறொன்று வாங்கி அவர் பெயரை எழுதினேன்.
சொந்த வீட்டுக்கு வாடகை கட்டுகிறவள்
கையெழுத்தை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது.

வைகாசியும் கட்டினேன்.
புத்தகங்கள் ஃபிரிட்ஜிலிருந்து இறங்கி
அறைக்குத் திரும்பியிருந்தன.
பள்ளிக்கூடம் திறக்கும்வரை கடையில் ஈ ஓடியது,
ஆனியில் ஐந்நூறு குறைந்தது.

எதிர்வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பணம்,
மடித்த நோட்டாக, மெஷின் மேல் வைத்தாள்.
எதுக்குடி என்றேன்.
"ரூமுக்கு."

ரசீதும் கேட்டாள்.